வயலில் விழுந்த விமானம்

...விழுந்தது தவுனோ இல்லை, அவன் இல்லை, அது போதும், இன்னும் இரண்டு கட்டை போடலாமா, ஐயோ வேண்டாம், சூட்டைத் தணிக்கத்தானே என் வீட்டுக்காரர் அகுஸ்தி சொல்லிவிட்டுப் போனார், என் கைக்குத்தான் அது ஏறவில்லை, சனிக்கிழமை என்றால் விமானப் பள்ளிப் பையன்கள் சவுனாவில் ஆவிக்குளியல் குளிக்க வருவார்கள் என்று கல் கொதிக்க எரித்தே பழகிய கை... மத்தியானம் பயிற்சி விமானம் எங்கள் ஓட்ஸ் வயலில் மூக்குக் குத்தி விழுந்தபோது இங்கேதான் குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ள பிர்ச் இலைக்கொத்து கட்டிக்கொண்டிருந்தேன், மகள் ஹெல்வி செருப்புகூடப் போடாமல் ஓடினாள், நான் வாளியைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டேன், யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனாக மட்டும் இருக்க வேண்டாம் என்று. அப்படியா வேண்டினேன்? அப்படித்தான்.

அகுஸ்தி மூச்சு வாங்க வந்து சொன்னார். "தவுனோ இல்லடி. அவன் தரையிலதான் நின்னிருக்கான். உன் மக அவனக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறா, அத்தன பேரும் பார்க்கறாங்கன்னு வெக்கமே இல்ல." நான் சிரித்துவிட்டேன், இந்த வீட்டில் இவ்வளவு சிரித்து எத்தனை நாளாயிற்று, கல்யாணத்துக்கு எந்த மேசைவிரிப்பு என்றுகூட யோசித்துவிட்டேன். அப்புறம்தான் அவர் குரலைத் தாழ்த்தி, விழுந்த பையனைக் கழுவ இங்கே கொண்டுவருகிறார்கள், பக்கத்தில் இருக்கும் வீடு நம்முடையதுதானே என்றார். வரட்டும், வேறு எங்கே கழுவுவது, ஹெல்வியை நான் பெற்றதும் இந்தப் பலகையில்தான், மாமனாரைக் கடைசியாகக் கழுவியதும் இதில்தான், செத்தவர்களுக்கு வெதுவெதுப்புப் போதும், கல்லில் தண்ணீர் ஊற்றக்கூடாது... கதவைத் திறந்து வைத்தேன், அனல் போகிறது, வெயில் உள்ளே வந்து பலகையில் விழுகிறது, எவ்வளவு அழகாக இருக்கிறது, மனசு நிறைந்து கிடக்கிறது, பொய் சொல்வானேன்.

போன வாரம் இதே நேரம் உள்ளேயிருந்து தவுனோ கத்தினான், "அத்தை, இன்னும் சூடேத்துங்க, இவனுங்க வேகட்டும்." இன்னொரு குரல், "நான் வெந்தாலும் என் பங்கு ரொட்டிய இவன்கிட்ட குடுத்துடாதீங்க அத்தை." யார் அது, அந்தச் செம்பட்டைத் தலையனா, தூர வடக்கிலிருந்து வந்த ஒல்லிப் பையனா... எல்லாரையும் எனக்குத் தெரியும், எல்லாருக்கும் நான்தான் ரொட்டி சுட்டேன், அவரவர் அம்மா பெயர்கூடத் தெரியும்.

லாரி முற்றத்தில் திரும்புகிறது. துணியை நனைத்துப் பிழிந்து வைத்தாயிற்று, சோப்பும் இருக்கிறது. யார் என்று அகுஸ்தியிடம் நான் கேட்கவே இல்லை. அவர் சொல்ல வாயெடுத்தார், நான்தான் தண்ணீர் மொள்ளப் போய்விட்டேன். கேட்டிருந்தால் இந்தச் சந்தோஷம் அப்போதே போயிருக்கும். இப்போதும் போகவில்லையே... இதை முகத்தில் வைத்துக்கொண்டு நான் எப்படி அவன் முகத்தைத் துடைப்பேன்?