தறிச் செட்டுக்கு ஒரு ஜோடி ஷூ

"அது செலவுதான், நீ பேசாம பில்ல ஆடிட்டருக்கு அனுப்பு..."

"எது செலவு? நீங்க சைக்கிள் மிதிக்கதா..."

"தொழிலாளிக்கு ஷூ வாங்குனா கம்பெனிச் செலவுதானட்டி, ஊரு ஒலகத்துல..."

"தொழிலாளிக்கா? அப்ப உங்க கால்ல கெடக்கது என்ன?"

பாண்டிதுரை குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். கறுப்பு ஷூ. பக்கவாட்டில் திருகினால் இறுகிக்கொள்ளும் குமிழ். அடியில், பெடலில் போய்ப் பூட்டிக்கொள்ள ஒரு கட்டி. விடிந்ததிலிருந்து கழற்றவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்குமாக அவன் நடக்க நடக்க டைல்ஸ் டக், டக்கென்றது. மனைவி முனீஸ்வரிக்கு அந்தச் சத்தம் பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். இவன் சைக்கிள் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமையானால் ராஜபாளையத்திலிருந்து செண்பகத்தோப்பு வரைக்கும் போய்வருகிற கூட்டத்தில் சேர்ந்தான். அங்கே எல்லார் காலிலும் இந்த ஷூதானாம். ஒன்பதாயிரத்து இருநூறு. அதற்குக்கூட அவள் வாய் திறக்கவில்லை. மனுசன் எட்டு கிலோ இறங்கியிருந்தான். கடைக்காரரைப் பிடித்து பில்லில் 'சேஃப்டி ஷூ' என்று எழுதி வாங்கி வந்திருந்தானே, அதுதான் தொண்டையில் நின்றது.

செட்டியார்பட்டியில் அவர்களுக்குப் பன்னிரண்டு தறி. ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. பொம்பளை பேரில் என்றால் லோன் சுருக்கக் கிடைக்கும் என்று கம்பெனியை முனீஸ்வரி பேரில் எழுதி ஒன்பது வருசமாகிறது. தறியை அவன் பார்த்தான், கணக்கை ஆடிட்டர் பார்த்தார், இவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். செல்லுக்கு ஓடிபி வந்தால் அடுப்படியிலிருந்தே சத்தமாகச் சொல்லுவாள். இந்த வருசம் அவன் வாசிக்கிற கண்ணாடி உடைந்து கிடந்ததால், பில்லையெல்லாம் படமெடுத்து ஆடிட்டருக்கு அனுப்பும் வேலை இவள் தலையில் விழுந்தது. அப்போதுதான் வாசித்தாள்.

"இதுல வரி எம்புட்டு குறையும்?"

"ஒரு ஆயிரத்து எண்ணூறு."

"அம்புட்டுக்கு நான் பொய் சொல்லணுமாக்கும்."

"நீ எங்கட்டி சொல்லுத? பில்லு சொல்லுது."

"கணக்குக்கு அடியில யாரு பேரு போடுதாக?"

"பேருதான, விடு."

முனீஸ்வரி படத்தை அனுப்பிவிட்டாள். கையெழுத்துப் போட ஆடிட்டர் ஆபீசுக்கு அவள் கிளம்பியபோது, அவன் சைக்கிளில் முன்னால் போய்விட்டிருந்தான். அந்தப் "பேருதான" மட்டும் அவளோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள், வெயில் என்று இந்தப் பக்கம் மாறினாள், பிறகு எழுந்து கம்பியைப் பிடித்து நின்றாள். சீட்டு காலியாத்தான இருக்கு, உக்காரும்மா என்றார் கண்டக்டர். வழியில் பஸ் அவனைத் தாண்டியது. குனிந்து மிதித்துக்கொண்டிருந்தான். ஜோராகத்தான் இருந்தான், அதையும் சொல்லவேண்டும்.

ஆடிட்டர் ஆபீசில் பழையவர் இல்லை. போன மார்கழியிலிருந்து அவர் மகள் ஷெரின்தான் பார்க்கிறாள். பாண்டிதுரை வியர்க்க விறுவிறுக்க வந்து, எல்லாரையும் போல வாசலில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு முனீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஷெரின் பில்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள்.

"சேஃப்டி ஷூ, ஒரு ஜோடி. இது யாருக்கு மேடம்?"

கேட்டது முனீஸ்வரியிடம். பதில் அவனிடமிருந்து வந்தது.

"தறிக்காரருக்கு."

"பன்னெண்டு தறியில ஒருத்தருக்கு மட்டுமா?"

"மெக்கானிக்குக்கு மேடம்."

"தை மாசம் ஸ்டாக் பாக்க வந்தப்ப என் செருப்பையே வாசல்ல கழட்டச் சொன்னீங்க சார். ஆஸ்பத்திரிச் சரக்கு, மண்ணு படக்கூடாது, மெக்கானிக்குகூட வெறுங்கால்தான்னு நீங்கதான் சொன்னீங்க."

பாண்டிதுரை சிரித்துப் பார்த்தான். "இது வெளிய போட மேடம். கரண்டு பெட்டிகிட்ட போறப்ப."

"வாசல்ல கெடக்கே, அந்த மாதிரியா?"

அவன் அதற்குமேல் சிரிக்கவில்லை. ஷெரின் குரலை உயர்த்தவும் இல்லை.

"நாளைக்குக் கேள்வி வந்தா நோட்டீஸ் உங்களுக்கு வராது சார், அவங்க பேருக்குத்தான் வரும். மேடம் சொல்லட்டும்."

ஒன்பது வருசத்தில் அந்த நாற்காலியில் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. மேசைக்கடியில் அவன் வெறுங்கால் வந்து அவள் காலை மிதித்தது. ஆமான்னு சொல்லு. ஈரக் கால், சாக்ஸ் தடம் பதிந்த கால். அவள் தன் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"அது அவிய சைக்கிள் மிதிக்க வாங்குனது. எடுத்துருங்க."

ஷெரின் எடுத்துவிட்டாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிரிண்டர் இரண்டு தாளைத் துப்பியது.

"சரி, போவுது," என்றான் பாண்டிதுரை. பேச்சில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். கோபமில்லை, அவசரம் இருந்தது. "ஒரு ஷூதான. கையெழுத்தப் போடு, கெளம்புவோம், வெயிலு ஏறுது." சொல்லும்போதே எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

முனீஸ்வரி பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள். ஷெரினுக்குப் பின்னால் இரும்பு பீரோ திறந்து கிடந்தது. வருசம் வருசமாகக் கட்டி வைத்த பைல்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் அவள் பேர்தான், தடித்த எழுத்தில். ஒரு ஷூவுக்கு நோகாத மனுசன் ஏன் இப்படி ஓடுகிறான்?

வாசலில் டக்கென்று ஒரு சத்தம். மறு சத்தத்துக்குக் காத்திருந்தாள். வரவில்லை. ஒற்றை ஷூவை மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி அவன் அவளையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செத்த உள்ள வாங்க. இதுக்கு முந்தி என் பேர்ல என்னெல்லாம் எழுதியிருக்கீயன்னு நீங்களே சொல்லிருங்க, அவங்க வாயால நான் கேக்க வேண்டாம்."