மெரிபாவில் மிஞ்சிய ஒன்று

‘இதில் மட்டும் யாரும் பங்கு கேட்டு வர முடியாது’ என்று நோரீன் மனசுக்குள் சொல்லிக்கொண்ட செவ்வாய்க்கிழமையிலிருந்துதான் மெரிபா ஊரில் எதையும் மிச்சமில்லாமல் பிரிக்க முடியாமல் போனது. அவள் நினைத்தது ஓர் எண்ணை. துணி துவைக்கும் அறையில் பல குளிர்காலமாக உறுமிக்கொண்டிருந்த பழைய கணினி, அதுவரை யாரும் கண்டிராத ஒரு பகா எண்ணைப் பிடித்திருந்தது. இரண்டைப் பல கோடி தடவை அடுக்கிப் பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருவது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாதது. வேறு நாட்டுக் கணினிகளும் சரிபார்த்து ஒப்புக்கொண்டன.

அதன்பின் ஆடுகளை இரண்டு பட்டியில் அடைத்தால் ஓர் ஆடு வெளியே நின்றது. மூன்றில் அடைத்தாலும் அதே ஆடுதான். தேவாலயக் கூடத்தில் லாமிங்டன் கேக்கை எப்படி வெட்டிக் கொடுத்தாலும் ஒரு துண்டு மிஞ்சியது. தட்டில் கடைசியாக இருப்பதை எடுப்பது மெரிபாவில் அசிங்கம். “நீங்க எடுங்க”, “ஐயையோ, நீங்க எடுங்க” என்று உபசரித்தே துண்டுகள் சேர்ந்து, கூடத்துக்கு இரண்டாவது குளிர்பெட்டி வாங்கினார்கள். விவாகரத்துக்குப் போயிருந்த வின்டன் தம்பதிக்குச் சாமான்களைப் பிரித்ததில் ஒரு ஸ்பூன் மிஞ்சியதால் வழக்கு முடியவில்லை. ஒரே வீட்டில், முன்னைவிட மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

நோரீனின் அம்மா இறந்ததும் சிட்னியிலிருந்து அக்கா ஐல்சா வந்தாள். வீட்டில் பாதி அவளுக்கு. கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்த நோரீனுக்கு வேறு வீடில்லை. ஆனால் எப்படி அளந்து கோடு போட்டாலும் துணி துவைக்கும் அறை எந்தப் பாதியிலும் சேரவில்லை. விற்கவும் வழியில்லை. ஐல்சா ஊர்த்தலைவர் டெஸ்மண்டைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்கே வந்துவிட்டாள்.

“அந்த எண்ணோட ஒன்னே ஒன்னு கூட்டுடி. கூட்டினா ரெண்டால வகுபடும், மறுபடி வகுபடும், கடைசி வரைக்கும் பாதி பாதியாப் போகும்னு பள்ளிக்கூட வாத்தியார் சொல்றார். கண்டுபிடிச்சவ நீதான் கூட்டணுமாம்.”

“வீட்ட வித்துட்டு நான் எங்க போறது?”

“ஏதாச்சும் ஃப்ளாட் பாரு. சின்ன வயசுலேர்ந்தே உனக்கு எல்லாத்துக்கும் அழுகைதான்.”

“ஒரு விரல் வேலைம்மா நோரீன்,” என்றார் டெஸ்மண்ட். “அந்தக் குளிர்பெட்டியத் திறந்தாலே என் பொண்டாட்டி அழறா.”

நோரீனின் விரல் கணினியின் விசைக்கு மேலே நின்றது. பாதியை ஐல்சாவுக்கென்று ஒதுக்கிப் பழகிய கை. சாக்லேட்டில் பாதி, படுக்கையில் பாதி, அம்மாவின் பிரியத்தில் பாதிக்கும் மேல். அதைக் கொடுக்கும்போதெல்லாம் தனக்கு வலித்ததா என்று அவள் யோசித்ததே இல்லை, இப்போது யோசித்தாள். ஒன்றைக் கூட்டினால் இந்த எண் பெரியதாகத்தான் ஆகும். பெரியதாகி, உடனே உடையத் தொடங்கும். அதற்கு அப்படியொரு பெருமை தேவையில்லை என்று அவளுக்குப் பட்டது.

“வேணாம், ஐல்சா,” என்றாள். சலவை முடிந்திருந்த துணிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு, இருவரையும் சுற்றிக்கொண்டு கொடிக்குப் போனாள்.