தீக்குச்சி துளிர்த்த வண்டி

2022 ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கற்பகத்தின் மோட்டார் சைக்கிள் துளிர்விட்டது. வியாழக்கிழமை அதன் மேல் மட்டும் மழை பெய்தது. முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை கொட்டியதே தவிர, ஒரு சாண் தள்ளி நின்ற ஆட்டுக்குட்டியின் முதுகில் சொட்டு விழவில்லை. அன்று கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் கிலோ இருநூற்று இருபது ரூபாய்.

காரணம் ஊருக்கே தெரியும். வண்டி 1954-இல் சீமையில் செய்தது, கற்பகத்தின் அப்பா தங்கப்பாண்டி ஓட்டியது. அதன் போல்ட் மரைகள் அங்குலத்துக்கு இருபத்தாறு சுற்று. அந்தக் கணக்கில் போல்ட்டும் கிடையாது, மரை வெட்டுகிற டேப்பும் இந்தப் பக்கம் கிடையாது. மரை தேய்ந்தால் மற்ற ஊர் மெக்கானிக் என்ன செய்வானோ, நம் ஊர் மெக்கானிக் தீப்பெட்டியைத்தான் தேடுவான். ஓட்டைக்குள் நாலு குச்சியைச் சொருகி போல்ட்டை முறுக்கினால் அன்றைக்குப் பிடிக்கும், மறுவாரம் ஆறு குச்சி. ஐம்பது வருடம் இப்படிச் சொருகியதில் எஞ்சினுக்குள் உலோகத்தைவிட மரம் அதிகமாகி வண்டி நின்றே போனது. குச்சி மரம் மலையாளத்துக் காட்டிலிருந்து லாரியில் வருவது. அதற்கு மழை பழக்கம். முளைத்த இடத்துக்கு மழையைக் கூப்பிட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

சொத்துப் பிரித்த அன்று அண்ணன் லிங்கராஜுக்கு எட்டு ஏக்கர் கரிசல் போனது, கற்பகத்துக்கு இந்த வண்டி வந்தது. "ஓடாத வண்டிதான, நீயே வச்சுக்கோட்டி" என்று அவன் சொல்ல, கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. பதினெட்டு வருடம் ஸ்பின்னிங் மில்லில் இரும்பு கடையும் லேத் ஓட்டிவிட்டுச் சொந்தப் பட்டறை போட்டவள் அவள். இதே வண்டியில் உங்கள் ஒவ்வொரு வாசல் வழியாகவும் போகிறேனா இல்லையா பாருங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மழை பெய்த பிறகு வண்டி அவளுடையதாக இல்லை. குடங்கள் வரிசையில் நின்றன. சிரித்த லிங்கராஜ் முதல் ஆளாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தன் மிளகாய்ப் புஞ்சைக்குத் திருப்பினான். யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். ஊர்த்தலைவர் பூவனலிங்கம் முன்சக்கரத்தைப் பக்கத்தில் நின்ற வேம்போடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

"தெய்வத்துல ஸ்பேனர் வைக்கக் கூடாது தாயி."

"தெய்வம்னா கோயில்ல இருக்கட்டும் அண்ணாச்சி. இது என் பங்குக்கு வந்த வண்டி. குச்சியப் பிடுங்கத்தான் செய்வேன்."

"மழை நின்னு போச்சுன்னா?"

"ஓடாதுன்னுதான எனக்குத் தந்திய? நான் ஓட்டிக் காட்டுதேன், பொறவு பேசுங்க."

பூட்டியது சக்கரத்தைத்தானே. கற்பகம் கொட்டுகிற மழையில் எஞ்சினை மட்டும் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றித் தன் பட்டறைக்குக் கொண்டுபோனாள். முந்நூற்றுப் பன்னிரண்டு குச்சிகளை இலையோடு பிடுங்கினாள். கடைசிக் குச்சி வந்ததும் மழை நின்றது. அவளுக்கு மரை கழண்டுவிட்டது என்றது ஊர். அவளோடு பேச்சை நிறுத்தியது, வாசலில் மண்ணை வாரித் தூற்றியது. அழுகை வந்தது அவளுக்கு. அழுதுகொண்டே வேலையைப் பார்த்தாள்.

சிதையாத பழைய போல்ட் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதன் மேல் காகிதத்தைச் சுற்றிப் பென்சிலால் தேய்த்துக் கோடுகளை எண்ணினாள். மில்லில் கழித்துப்போட்ட, நூல் சுற்றும் ஸ்பிண்டில் கம்பியைச் சுட்டு ஆறவிட்டு இளக்கி, லேத்தில் பிடித்து டேப் வெட்டினாள். கடினமாவதற்காகப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிய முதல் டேப் ஓட்டைக்குள்ளேயே ஒடிந்தது. துண்டை எடுக்கப் பதினோரு நாள் ஆயிற்று. இரண்டாவதைக் கடலை எண்ணெயில் முக்கினாள். அதன் முறுகலைத் தணிக்க, கடலை மிட்டாய் போடும் மாடத்தி கடலை வறுக்கும் சுடுமணலுக்குள் புதைத்தாள்.

"வெந்ததும் எனக்குப் பாதியா அக்கா?" என்றாள் மாடத்தி. அந்த மாதங்களில் அவளோடு பேசியது மாடத்தி ஒருத்திதான்.

டேப்பில் வைக்கோல் நிறம் ஏறியதும் கற்பகம் வெளியே எடுத்தாள். குச்சி தின்று அகன்ற ஓட்டைகளுக்குப் பெரிய டேப் ஒன்றும் செய்தாள். அதனால் மரை போட்டுப் குழல் போன்ற பித்தளைப் புஷ்ஷை முறுக்கி, புஷ்ஷுக்குள் அப்பா காலத்து இருபத்தாறு சுற்றை வெட்டினாள். புதிதாகக் கடைந்த போல்ட் விரலாலேயே கடைசிவரை இறங்கியது.

தை மாதம் பட்டப்பகலில், பூவனலிங்கம் பார்த்துக்கொண்டிருக்க, ஹாக்ஸா பிளேடால் சங்கிலியை அறுத்து எஞ்சினை ஏற்றினாள். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. கிளம்பியதுதான் தாமதம், குச்சி போனாலும் வண்டியோடு பழகிவிட்ட மழையும் பின் விளக்குக்கு இரண்டு முழம் பின்னால் இறங்கி அவளைத் தொடர்ந்தது. ஒவ்வொரு வாசலாகப் போனாள். லிங்கராஜ் குறுக்கே ஓடிவந்தான்.

"ஏட்டி, நம்ம பிஞ்சையில செத்த நேரம் நிப்பாட்டிட்டுப் போ!"

"நிப்பாட்ட மாட்டேண்ணே. சத்தம் கேட்டா குடத்தோட வாசல்ல நில்லு."

அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் விளாத்திகுளம் வரை போய் வருகிறாள். வழியில் உள்ளவர்கள் அவள் வரும் நாள் பார்த்து விதைக்கிறார்கள். வத்தல் காயப்போட்டவர்கள் எஞ்சின் சத்தம் கேட்டதும் அள்ளி உள்ளே வைக்கிறார்கள். ஓட்டும்போது கற்பகம் இதுவரை நனைந்ததில்லை, ஒரு போல்ட்டும் கழலவில்லை. காலை ஒன்பது மணிக்கு லிங்கராஜும் குடத்தோடு வாசலில் நிற்கிறான். யாரும் சிரிப்பதில்லை.