கதவுக்கு மேல் ஒரு பெயர்

"பதினஞ்சு ரவுண்டும் ஓடிக்கிட்டே இருந்தியேடா!" என்றார் லென்.

"ஓடலடா, நகர்ந்தேன். உன்னால பிடிக்க முடியலைன்னா அதுக்கு நான்—"

"ஓடினவன் பேரையா கதவுக்கு மேல எழுதுறது?"

"என்னைப் பேச விடுடா கிழவா! என் பேர எழுதச் சொல்லி நான் கேட்டேனா?"

ஏணியில் நின்ற பெயின்டர் கீத் ஆக்டன் வானத்தைப் பார்த்தான். "ஐயா, மழை வரப்போகுது. ஏதாவது ஒரு பேரச் சொல்லுங்க."

லீட்ஸில் எங்கள் தெருவுக்குக் குத்துச்சண்டைக் கூடம் ஒன்றுதான். அதிலிருந்து பிரிட்டிஷ் பட்டம் வென்றவர்களோ இரண்டு பேர். ஒருவர் என் கணவர் லென் ஹெபிள்த்வெயிட். மற்றவர், அவர் 'ஓடினவன்' என்று திட்டிக்கொண்டிருந்த கார்ல்டன் பிரெண்டர்காஸ்ட். கதவுக்கு மேல் ஒரு பெயருக்குத்தான் இடம். கூடத்துக் கமிட்டியில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்துபோக, "நீங்களே பேசி முடிச்சுக்குங்க" என்று விட்டுவிட்டார்கள். இவர்கள் இருவரும் பேசி முடித்த விஷயம் என்று இதுவரை ஒன்றும் கிடையாது.

மூன்று பட்டச் சண்டை ஜெயித்தவருக்குப் பட்டத்தின் பெல்ட் நிரந்தரமாகச் சொந்தம். லென்னுடையது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்த லென்னைத்தான் கார்ல்டன் கால் பாயின்ட் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்தக் காலத்தில் தீர்ப்பு நடுவர் ஒருவருடையதுதான். கடைசி மணி அடித்ததும் நேரே போய் ஒருவர் கையைத் தூக்குவார். ஏன், எப்படி என்று யாரும் கேட்க முடியாது. கார்ல்டன் அந்தப் பட்டத்தை ஒரு வருஷம்கூட வைத்திருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முப்பது வருஷம், பனியோ மழையோ, இந்தக் கதவைத் திறந்து பையன்களைப் பழக்கியவர் அவர்தான். எங்கள் தெருப் பையன்களில் பாதிப் பேர் மூக்கு நேராக இருப்பது அவர் புண்ணியம்.

நியாயம் கேட்டால் அவர் பெயர்தான். ஆனால் லென்னுக்குப் பெயர்கள் உதிர ஆரம்பித்துவிட்டன. போன வாரம் என்னைப் பார்த்து, "நர்ஸம்மா, என் பெண்டாட்டி எப்ப வருவா?" என்றார். தினமும் இந்த வழியாக நடக்கும்போது தலைக்கு மேல் பார்த்தால் தன் பெயராவது அவரிடம் தங்குமே என்று எனக்கு ஆசை. அதைக் கார்ல்டனிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"கீத், எழுது. ஹெபிள்த்வெயிட்," என்றார் கார்ல்டன்.

"அம்மாடி, எவ்வளவு நீளம்! உங்க தெருவுல ஸ்மித்னு எவனும் சண்டை போடலியா?"

"பாத்தியா, ஒத்துக்கிட்டான்!" லென் கைதட்டினார். "அன்னிக்கு ஜெயிச்சது நான்தான்!"

"ஆமாண்டா. நீதான்."

கார்ல்டனை ஓரமாக இழுத்தேன். "நான் கேட்டது கதவை. சண்டையையுமா கொடுக்கச் சொன்னேன்? பாவம் பாத்துச் சொல்றியா?"

"தெரியல, ஈனிட்."

"தெரியலைன்னா என்ன அர்த்தம்?"

"நடுவர் என் பக்கம் வந்தப்போ, நான் லென் கையைத் தூக்கிவிடப் போயிக்கிட்டிருந்தேன். அவன்தான் ஜெயிச்சான்னு நெனச்சேன். இப்ப சில நாள் நான்னு தோணுது, சில நாள் அவன்னு. அவனுக்காவது மறதி. எனக்கு என்ன வந்துது? நீயாவது பாத்திருக்கலாம்."

நான் பார்க்கவில்லை. சண்டை நாட்களில் முன் வரிசையில் உட்கார்ந்து என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அடி விழும் சத்தம், கூட்டத்தின் கத்தல், மணி, எல்லாம் காதால் கேட்டதுதான். இது கார்ல்டனுக்குத் தெரியும். லென்னுக்குத் தெரியாது.

பொய் சொல்கிறாரா, நிஜமா? இரண்டு முறை மூக்கு உடைந்த முகத்தில் எதைப் படிப்பது?

"ஐயோ, ஏணியை ஆட்டாதீங்க!" கீத் அலறினான்.

ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார் லென். "நிறுத்து! என் பேரு எதுக்கு?"

"நாலு எழுத்து எழுதிட்டேனே!"

"அழி. அவன்தானே ஜெயிச்சான்? கால் பாயின்ட். எனக்குத் தெரியாதா?"

"இப்பதானடா நீ ஜெயிச்சதா—"

"நீ சொன்ன. எனக்குப் பிச்சை போடுறியா?"

"பிச்சையா? கத்தாதடா, தெருவே பாக்குது—"

"பாக்கட்டும்!"

ஈரமாக இருந்த நாலு எழுத்தின் மேல் முதல் தூறல் விழுந்தது. லென் என் பக்கம் திரும்பினார். நர்ஸைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"ஈனிட், நீ முன் வரிசையிலதானே இருந்த? நடுவர் கிடக்கட்டும். உன் கண்ணால பாத்ததைச் சொல்லு. ஜெயிச்சது யாரு?"