முதல் குண்டுக்கு முன்

தனபால் துப்பாக்கியைத் தோளில் சாத்திக் கன்னத்தை அதில் பதித்தபோது இன்னாசிராஜுக்கு என்னவோ போலிருந்தது. விற்க முடிவு செய்ததும் அவர்தான், ஆள் சொல்லி அனுப்பியதும் அவர்தான். ஆனாலும் மகள் கன்னம் வைத்த இடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தன் கன்னம் வைப்பதைப் பார்க்க மனசு ஒப்பவில்லை. ஆனைக்கரையில் வீட்டுக்குப் பின்னால், ஏலச்செடிகள் முடிகிற இடத்தில், பத்து மீட்டர் அளந்து அவரே போட்ட தகரச் சாய்ப்பு அது. மகள் நிமி சுட்டுப் பழகுவதற்காகப் போட்டது. அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூணாறில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மருந்தடிக்கிற பம்பும் பழைய சாக்குகளும்தான் அங்கே குடித்தனம் நடத்தின.

தனபால் எலப்புள்ளிக்காரன். கஞ்சிக்கோட்டில் ஏதோ கம்பெனியில் வேலை. அவன் மகள் பள்ளிக்கூடத்துக்காகத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறாளாம், அவளுக்குத்தான் பார்க்க வந்திருந்தான். வந்தவுடன் விலையை இழுப்பான் என்று இன்னாசிராஜ் எதிர்பார்த்தார். அவனோ பையிலிருந்து குண்டின் வேகத்தை அளக்கிற சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்து, பெண் பார்க்க வந்த வீட்டில் வாய் திறக்காத மாப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

குழலுக்குக் கீழே ஓர் உருளை, அதில் அமுக்கி அடைத்த காற்று. அந்தக் காற்றை ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவாகப் பிரித்துக் கொடுக்க உள்ளே ஒரு ரெகுலேட்டர். எத்தனை குண்டு சுட்டாலும் வேகம் மாறக் கூடாது, இந்தத் துப்பாக்கியின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

"முள்ளப் பாருங்க தம்பி, அசையுதான்னு" என்றார் இன்னாசிராஜ், உருளை முனையிலிருந்த காற்றழுத்த மீட்டரைக் காட்டி. "நான் மூணாறு பேக்டரியில பாய்லர் பாத்தவன். முள் மேல கண்ணு வச்சே காலத்த ஓட்டுனவன். இதுல ஒரு கொறை கெடையாது."

தனபால் வரிசையாகச் சுட்டான். எல்லாக் குண்டும் ஒரே ஓட்டையில் போய் விழுந்தன, பெட்டியிலும் எண் பெரிதாக மாறவில்லை. இன்னாசிராஜுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் மனைவி சிசிலி பாலில்லாத கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்தாள். தனபால் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான்.

"கொஞ்ச நேரம் சும்மா கெடக்கட்டுங்ண்ணா. அப்புறமா ஒண்ணு சுட்டுப் பாக்கோணும்."

சாயா குடித்து, மழையைப் பற்றியும் ஏலக்காய் விலையைப் பற்றியும் பேசி முடித்துவிட்டு மறுபடி எடுத்துச் சுட்டான். குண்டு பழைய ஓட்டையை விட்டு ஏறி, தனியாக மேலே விழுந்தது. பெட்டியில் எண் துள்ளியிருந்தது.

"கை ஆடிப்போச்சு" என்றார் இன்னாசிராஜ்.

தனபால் சிரித்தான். அடுத்தடுத்துச் சுட்டான், எல்லாம் பழைய ஓட்டைக்கே திரும்பின. மறுபடி கிடத்திவைத்தான். மறுபடி எடுத்தான். முதல் குண்டு மேலே ஏறியது.

"ரெகுலேட்டர்ல ரப்பர் சீல் தேஞ்சிருக்குதுங்ண்ணா. சும்மா இருக்கறப்ப காத்து கொஞ்சங்கொஞ்சமாக் கசிஞ்சு முன்னால சேந்துக்குது. நிறுத்திவெச்சுச் சுடற மொத குண்டு மட்டும் எகிறுது. விடாமச் சுட்டா ஒண்ணுமே தெரியாதுங்க."

"அப்ப இந்த முள்ளு?"

"அது உருளைக்குள்ள இருக்கற காத்தத்தானுங்க காட்டும். ரெகுலேட்டரத் தாண்டி நடக்கறது அதுக்கெப்படித் தெரியும்? சுடற பொண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். உங்க பாப்பா சொல்லலீங்களா?"

சொல்லியிருந்தாள். நன்றாகவே சொல்லியிருந்தாள்.

வீட்டில் நிமி விடாமல் சுடுவாள், ஒன்றும் பிசகாது. போட்டியில்தான் அவருடைய சட்டம் ஒன்று இருந்தது. கணக்கில் சேராத ஒத்திகைக் குண்டுகளைச் சுட்டு முடித்ததும், முதல் குண்டுக்கு முன், அவள் துப்பாக்கியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு செபமாலையில் பத்து மணிகளுக்கான செபத்தைச் சொல்ல வேண்டும். பார்வையாளர் வரிசையில் அவரும் மணியை உருட்டிக்கொண்டே வருவார். அவர் தலையாட்டிய பிறகுதான் அவள் துப்பாக்கியைத் தூக்கலாம். பக்கத்துப் பிள்ளைகள் அதற்குள் மளமளவென்று சுட்டுக்கொண்டிருப்பார்கள். மாதாவிடம் ஒப்படைத்துவிட்டுச் சுடுகிற பிள்ளைக்கு அவசரம் எதற்கு என்று அவர் நினைத்தார். பக்தியோடுதான் நினைத்தார், பாவம். அவர் மணி உருட்டிய நேரமெல்லாம் உள்ளே காற்று ஏறிக்கொண்டிருந்தது. முதல் குண்டு மேலே போகும். அவள் பதறிப்போய்க் குறியைக் கீழே இறக்குவாள். அடுத்ததெல்லாம் கீழே போகும்.

மாநில அணிக்கு ஆள் எடுத்த அன்று அவள் கிட்டே வந்து சொன்னாள், "அப்பா, மொத குண்டு மட்டுந்தாம்ப்பா இப்படிப் போவுது. துப்பாக்கியில என்னமோ இருக்கு." அவர் பக்கத்தில் நின்ற மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் காதில் விழும்படியாகவே பதில் சொன்னார்: "துப்பாக்கியில ஒண்ணுமில்ல. செபம் சொல்லயில ஒம்மனசு எங்க மேஞ்சிட்டு இருந்துச்சு? விசுவாசம் இல்லாதவளுக்குக் கை நடுங்கத்தான் செய்யும்." அவள் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

"சின்ன வேலைதானுங்ண்ணா" என்றான் தனபால், அவர் முகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு. "சீல் மாத்துனா சுத்தமாச் செரியாயிரும். எனக்குப் புடிச்சிருக்குதுங்க."

இன்னாசிராஜ் அடுக்களைக்குள் போனார். சிசிலியின் போனை எடுத்தார். அவருடைய போனில் கூப்பிட்டால் நிமி எடுக்காமல் இருக்க மாட்டாள். எடுத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள்.

"என்னம்மா, சாப்ட்டியா?" என்றது அந்தப் பக்கம், சிரிப்பும் செல்லமுமாக. இந்தக் குரலைக் கேட்டே எவ்வளவு நாளாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பா பேசுறேம்மா."

"சொல்லுங்கப்பா." குரல் சட்டென்று ஒழுங்காகிவிட்டது.

"மகளுக்குன்னு ஒருத்தரு துப்பாக்கியப் பாக்க வந்திருக்காரு. சீல் போயிருக்காம். வச்சிருந்து சுட்டா மொத குண்டு ஏறுதாம். நீ அன்னைக்கே சொன்ன. நாந்தான் செபம் சொல்லு செபம் சொல்லுன்னு ஒன்ன நிறுத்திவச்சு..."

அங்கே யாரோ ஜீப் எப்போது வரும் என்று கேட்டார்கள். நிமி மலையாளத்தில் பதில் சொல்லி அனுப்பினாள்.

"சரிப்பா" என்றாள்.

"ஒம்மேல ஒரு தப்பும் இல்லம்மா. எல்லாம் எம்மேலதான். இத நான் குடுக்கல. சீல மாத்தி வைக்கேன். நீ ஒருக்கா வந்து..."

"வேண்டாம்ப்பா. அவுங்களுக்கே குடுத்துருங்க." கோபமே இல்லாமல்தான் சொன்னாள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "அந்தப் பிள்ள வந்து ஏதாவது சொன்னா, அவ அப்பாவ மொதல்ல துப்பாக்கியப் பாக்கச் சொல்லுங்க. டூட்டில இருக்கேன்ப்பா, வைக்கேன்."

வைத்துவிட்டாள். வெளியே தனபால், "ஏனுங்ண்ணா, துப்பாக்கியக் கட்டிரட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இன்னாசிராஜ் அடுப்படியிலேயே நின்றார். போனில் அவள் பெயருக்கு மேலே வட்டமாக ஒரு படம் இருந்தது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் விரலால் விரித்துப் பார்த்தார். இடுப்புவரை தொங்கிய முடியைக் காதுவரை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"இத எப்ப வெட்டுனா?" என்றார்.

"அது ஆச்சே ஒரு வருசத்துக்கு மேல" என்றாள் சிசிலி.

படத்தில் நிமி தலையைச் சாய்த்து, பக்கத்தில் நிற்கிற யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது யாரென்று படத்தில் தெரியவில்லை. அவர் இன்னும் விரித்துப் பார்த்தார். அவள் முகம்தான் கலங்கலாகிக்கொண்டே போனது.