பொழுது சாய்வதற்குள்

சவுசவு என்னும் தீவு நகரத்து மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த அந்த இரண்டு அறைகளும் நலத்துறை ஊழியை டோரிகா நடந்து நடந்து வாங்கியவை. அதற்கு முன்னெல்லாம், சிதைக்கப்பட்ட ஒரு குழந்தை தனக்கு நேர்ந்ததைப் பள்ளியில் ஆசிரியையிடம் சொல்லும், பிறகு செவிலியிடம் சொல்லும், காவல் நிலையத்தின் உயரமான மேசைக்கு முன்னால் நின்று, தலைகூடத் தெரியாமல், மறுபடியும் சொல்லும், நலத்துறைக்கு வந்து சொல்லும், நீதிமன்றத்தில் சொல்லும். "கெடுத்தவன் ஒரு தடவை கெடுத்தான். கேக்கறவங்க நாம அஞ்சு தடவை கெடுக்கறோம்" என்று டோரிகா ஒவ்வோர் அலுவலகத்தின் வாசலிலும் நின்று சொன்னாள். சிரித்தவர்கள் சிரித்தார்கள், நாளை வா என்றவர்கள் நாளை என்றார்கள். அவள் மறுநாளும் போனாள். கடைசியில் காவல்துறையும் மருத்துவமனையும் பள்ளியும் நலத்துறையும் ஒரு பாயில் உட்கார்ந்தன.

அப்போது இரண்டு விதிகள் பிறந்தன. இரண்டையும் எழுதியவள் டோரிகாதான். குழந்தை ஒருமுறைதான் பேசும். ஒருவர் மட்டும் உள்ளே இருந்து கேட்க, மற்றவர்கள் பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். இது முதல் விதி. எந்தத் துறையின் காதுக்கு என்ன செய்தி வந்தாலும் பொழுது சாய்வதற்குள் மற்ற எல்லாத் துறைக்கும் போய்ச் சேர வேண்டும். இது இரண்டாவது. ஊர் ஊராகப் போய் இந்த இரண்டையும் மக்களிடம் சொன்னவளும் அவள்தான்.

இன்று அந்தப் பக்கத்து அறையில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனுக்குள் ஆலிசி சிரித்தாள்.

ஆலிசிக்கு ஒன்பது வயது. நாலோமா கிராமத்துப் பெண். அவள் சித்தப்பன், அதாவது தாயின் தங்கை கணவன், செய்ததைப் பள்ளி ஆசிரியை அவள் உடம்பின் தடத்தில் கண்டு சொன்னதால், இப்போது நகரத்தில், இப்படிப்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் லெதுவா அம்மாளின் வீட்டில் பாதுகாப்பாக இருந்தாள். வந்த நாள் முதல் டோரிகா அவளிடம் போய்க்கொண்டிருந்தாள். ரொட்டிப் பொட்டலம் கொண்டுபோனாள்; தேங்காய்ப்பால் பன் கொண்டுபோனாள்; ஆமையோட்டுச் சாயலில் ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்தாள். குழந்தை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. வாயை மட்டும் திறக்கவில்லை.

தலைநகர் சுவாவிலிருந்து மாற்றலாகி வந்த சார்ஜென்ட் உனைசி ஒரே காலையில் திறந்துவிட்டாள். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, பாயில் சப்பணமிட்டு, "எனக்கு இந்த ஊர்ல எது எங்க இருக்குன்னே தெரியாதும்மா, நீதான் சொல்லணும்" என்று தொடங்கினாள். பூனையில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ சுற்றி, ஒருவரும் தள்ளாமல், ஒருவரும் இழுக்காமல், தானாகவே அந்த இருட்டு வீட்டின் வாசலில் போய் நின்றது. குழந்தை சொல்லி முடித்தது. சொல்லி முடித்த பிறகு பூனையைப் பற்றி ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தது.

"அருமையாப் பேச வைக்கறாங்க இல்ல?" என்றார் பக்கத்தில் இருந்த டாக்டர் பிரவினேஷ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"யூனிஃபார்ம் இல்லாம வந்தா எல்லாரும் நல்லவங்கதான் டாக்டர்" என்றாள் டோரிகா.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். மகிழ வேண்டிய நேரம் அது. வழக்கு நிற்கும்; குழந்தை இனி யாரிடமும் சொல்ல வேண்டாம்; அவள் ஆண்டுக்கணக்காகக் கேட்டதெல்லாம் இதைத்தான். ஆனால் அவள் நெஞ்சில் ஒரு கங்கு விழுந்திருந்தது. நான் கட்டிய அறை. நான் போட்ட பாய். அதில் வந்து உட்கார்ந்தவள் நேற்று வந்தவள்.

அந்த வார வெள்ளிக்கிழமை மாலை, அலுவலக ஓட்டுநர் இசிகேலி அந்தக் கங்கை ஊதிவிட்டான். "சந்தையில எல்லாரும் சார்ஜென்ட்டம்மா பேச்சுதான். இன்னைக்கு மீன்காரி காசே வாங்கலையாம் அவங்ககிட்ட. உங்ககிட்ட எப்பவாவது வாங்காம விட்டிருக்காளா அக்கா?"

"வண்டிய ஓட்டுடா."

"நிறுத்திட்டேனே. ஆபீஸ் வந்து எவ்வளவு நேரம் ஆச்சு."

அவள் இறங்கும்போதே தொலைபேசி அடித்தது. நாலோமா கிராமத்துச் செவிலி விலிசி. குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, நாளைக்கு புலுபுலு வெச்சிருக்காங்க. அந்த ஆளோட சொந்தக்காரங்க தம்புவா கொண்டு வராங்க. ஊர்ப் பெரியவர் எபேலி கையால தொட்டுட்டார்னா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம். அப்புறம் அம்மாக்காரி புகார வாபஸ் வாங்கிடுவா."

"எத்தனை மணிக்கு?"

"மத்தியானம். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

புலுபுலு என்பது மன்னிப்புக் கேட்கும் சடங்கு; அதில் கொடுக்கப்படும் தம்புவா திமிங்கிலத்தின் பல். தேங்காய்நார்க் கயிறு கட்டி, எண்ணெய் பூசி, மண்டியிட்டு நீட்டப்படும் அந்தப் பல்லின் முன் பரம்பரைப் பகை கரைந்திருக்கிறது. கொலைக்குப் போக இருந்த கைகள் இறங்கியிருக்கின்றன. பெருமையுள்ள வழக்கம். ஆனால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, யங்கோனா என்ற வேர்ப்பானத்தைச் சுற்றி அனுப்பி, ஒரு சிறுமியின் உடம்புக்கு நேர்ந்ததை அவளைக் கேளாமலே மன்னித்துவிடும்போது, அந்தப் பெருமையை எந்த முகத்தோடு சொல்வது?

டோரிகா உனைசியின் எண்ணைத் தேடி எடுத்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அலுவலகச் சன்னலுக்கு அப்பால் மருத்துவமனையின் பின்படி தெரிந்தது. பரிசோதனைக்காக வந்த ஆலிசி அங்கே உட்கார்ந்திருந்தாள்; பின்னால் உனைசி உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். உனைசியின் கையில் இருந்தது ஆமையோட்டுச் சாயல் சீப்பு.

டோரிகா தொலைபேசியைப் பையில் போட்டாள்.

நானே போகிறேன், என்று நினைத்தாள். எபேலியை எனக்குத் தெரியும். அவர் மகள் திருமணத்தில் பாய் விரித்தவள் நான். நானே தடுக்கிறேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், முடிந்துவிட்டது என்று. அப்போது அந்தக் குழந்தை யாரைப் பார்க்கும் என்று பார்ப்போம். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனவளுக்கு, மலைக்குப் பின்னால் பொழுது விழுந்தது தெரியவில்லை. தெரிந்திருந்தும் அவள் தெரியாதவள்போல் இருந்தாள் என்பதே உண்மை.

சனிக்கிழமை முதல் பேருந்தில் அவள் நாலோமாவுக்குப் போனாள். பெரியவர் எபேலியின் வீட்டில் நல்ல பாய்கள் விரித்திருந்தார்கள். யங்கோனா கிண்ணம் நடுவில் இருந்தது. ஒரு மூலையில், வந்த விருந்தாளிகளின் மடியில், துணியில் சுற்றிய ஏதோ ஒன்று கனமாகக் கிடந்தது. அதன் பக்கத்தில், ஜாமீனில் வந்திருந்த அந்தச் சித்தப்பன் தலை கவிழ்ந்து, புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

டோரிகா வாசலில் குனிந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து உள்ளே வந்தாள்.

"வாம்மா வா," என்றார் எபேலி. "ஆபீஸ் சார்பா நீயே வந்துட்ட. ரொம்ப சந்தோஷம்."

"ஐயா, நான் சார்பா வரல. வேண்டாம்னு சொல்ல வந்தேன். நீங்க இதத் தொடக்கூடாது."

பெரியவர் முகம் மாறியது. "இப்ப வந்து சொல்றியே."

"இப்பதானே நடக்குது?"

"போன வருஷம் இதே பாயில உக்காந்து நீ என்ன சொன்ன? எங்கள்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சா பொழுது சாயறதுக்குள்ள எல்லாருக்கும் தெரியும்னு சொன்னியா இல்லையா? ஊரறிய நடக்கட்டும்னு நான்தான் விலிசி காதுல விழற மாதிரி நேத்து காலையிலயே பேசினேன். அவ சொல்லாம இருப்பாளா? ராத்திரி முழுக்கப் பார்த்தேன். போலீஸ் வரல, டாக்டர் வரல, போன்கூட வரல. சரி, இவங்களுக்கும் சம்மதம்தான்னு நெனச்சேன். நீங்க சும்மா இருந்தா ஊரு என்னம்மா நெனைக்கும்?"

ஊர் அவள் சொல்லை நம்பியிருந்தது. அவளுடைய மௌனம் ஒரு நாள் இரவு முழுவதும் நான்கு துறைகளின் சம்மதமாக இந்தக் கிராமத்தில் உலவியிருக்கிறது.

"குழந்தைகூட வந்துக்கிட்டு இருக்கு," என்றார் பெரியவர். "குழந்தை இல்லாம எதத் தொடறது? அம்மாக்காரி காலையிலயே போய் கூட்டிக்கிட்டு பத்து மணி பஸ்ல வரா. லெதுவா அம்மாவும் ஒண்ணும் சொல்லலையாம், சனிக்கிழமை பார்க்கற நாள்தானேன்னு அனுப்பிட்டாங்களாம்."

லெதுவா அம்மாளுக்கு என்ன தெரியும்? யாரும் சொல்லவில்லையே. டோரிகா மூலையைப் பார்த்தாள். சித்தப்பன் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தான். அவன் வாசலைப் பார்த்தான்.

அவள் எழுந்தாள். பெரியவர் அமர்ந்திருக்கும்போது எழக்கூடாது என்பது தெரிந்தும் எழுந்து, தேவாலயப் படிவரை ஓடினாள். அங்கேதான் தொலைபேசிக்கு உயிர் வரும்.

"உனைசி, நான் டோரிகா. ஆலிசிய நாலோமாவுக்குக் கூட்டிக்கிட்டு வராங்க. பத்து மணி பஸ். அவன் இங்கதான் உக்காந்திருக்கான். எனக்கு நேத்தே தெரியும்."

மறுமுனையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"நேத்தா?" என்றாள் உனைசி.

"நேத்து சாயங்காலம். நீ படியில உக்காந்து தலை வாரிக்கிட்டு இருந்த."

"போன வைங்க அக்கா. பஸ் மலைத் திருப்பத்தத் தாண்டுறதுக்குள்ள நான் போகணும்."

டோரிகா திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள். பேருந்து வரும் சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வராமல் இருக்க வேண்டும் என்று அவள் ஒருத்தி மட்டும் காத்திருந்தாள். யங்கோனா இரண்டு சுற்று வந்தது. பேருந்து வந்தது, அதிலிருந்து இறங்கியவர்கள் அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய்க் குப்பியும் வைத்திருந்தார்கள். போலீஸ் வண்டி மறித்துத் தாயையும் மகளையும் இறக்கிக்கொண்டது என்றார்கள்.

விருந்தாளிகளின் தலைவன் தொண்டையைக் கனைத்து, துணியை அவிழ்த்து, மண்டியிட்டுப் பல்லை நீட்டினான். மஞ்சள் பூத்த அந்தப் பல் காற்றில் ஆடியது.

"ஐயா," என்றாள் டோரிகா, "அடிபட்டது நீங்க இல்ல. அடிபட்டவ பஸ்ல இருந்து இறங்கிட்டா."

எபேலி நெடுநேரம் பல்லையே பார்த்தார். அவர் கை மடியைவிட்டு எழவில்லை. "குழந்தை வரல," என்றார் விருந்தாளிகளிடம். "எடுத்துக்கிட்டுப் போங்க." அவர் மனம் மாறிவிட்டதா, முறை தவறியதற்காக மறுத்தாரா என்று டோரிகாவால் சொல்ல முடியவில்லை. கிளம்பும்போது அவர் அவளுக்கு விடைகூடக் கொடுக்கவில்லை.

மாலையில் அவள் காவல் நிலையம் போய்ச் சேர்ந்தபோது உனைசி வெளியே மரத்தடியில் நின்றிருந்தாள். உள்ளே பெஞ்சில் ஆலிசி லெதுவா அம்மாளின் தோளில் சாய்ந்து மரவள்ளி வறுவல் தின்றுகொண்டிருந்தாள். தாய் இன்னோர் அறையில் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் சுவாவுக்குத் திரும்பிப் போற வரைக்கும் பொறுக்க முடியலையா அக்கா?" என்றாள் உனைசி.

டோரிகாவின் கண் உள்ளே இருந்த பெஞ்சுக்குப் போனது.

"ஆலிசி ஏன் என்கிட்ட சொன்னான்னு தெரியுமா உங்களுக்கு? பஸ்ல இருந்து இறங்கினதும் அவளே சொன்னா. டோரிகா அத்தைக்கு எங்க அம்மாவத் தெரியும், சர்ச்சுல பக்கத்துல உக்காருவாங்க. உங்களுக்குத்தான் இங்க யாரையும் தெரியாதுன்னு." உனைசி ஒரு சருகைக் காலால் தள்ளினாள். "நான் என்ன பெருசா பண்ணிட்டேன். யாரையும் தெரியாதவளா இருந்தேன், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை கூட்டத்துல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

உனைசி உள்ளே போனாள். ஆலிசி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். பிறகு தலையை அவள் மடியில் சாய்த்தாள். சன்னல் கம்பிக்கு வெளியே நின்று டோரிகா அதைப் பார்த்தாள். குழந்தை சொன்ன காரணம் நியாயமான காரணம். ஆனாலும் நெஞ்சில் கங்கு அப்படியேதான் கிடந்தது. அந்தத் தலை சாய வேண்டிய மடி எது என்று அது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. விலிசி.

"அக்கா, அந்த ஆளு மூட்டை கட்டிட்டான். நாளைக்குக் காலைக் கப்பல்ல தவேயுனித் தீவுக்குப் போறானாம். அங்க அண்ணன் வீடு இருக்கு. உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்."

"எனக்கு மட்டும் சொல்லாத விலிசி," என்றாள் டோரிகா. "இனிமே எனக்கு மட்டும் எதையும் சொல்லாத."

விரிகுடாவின் மேல் சூரியன் இன்னும் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. மடியில் கிடந்த குழந்தை கலைந்துவிடாதபடி கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

"சார்ஜென்ட்," என்றாள். "ஒரு செய்தி வந்திருக்கு."