படலத்தில் ஆரஞ்சு இழை

மச்சினன் தொட்டிக்காரருக்குத் தர வேண்டியது எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். சலவைக் கடைக்கு இரண்டாவது இயந்திரம் வாங்கக் கைமாற்றாகக் கொடுத்தது. கேட்டால் "அடுத்த வாரம் மாமா" என்பான். அந்த வாரம் எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை.

தொட்டிக்காரருக்குக் கழிவுநீர் நிலையத்தில் வேலை. அங்கே ஒரு சோதனைத் தொட்டி. உள்ளே கார்பன் துணி சுற்றிய கம்பிகள் தொங்கும். துணிமேல் வழவழவென்று ஒரு படலம். அது அழுக்கில்லை, கிருமிகள், கழிவைத் தின்று மின்சாரம் விடுகின்றன என்று ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா சொன்னபோது தலையாட்டினாரே தவிர, அவர் நம்பவில்லை. வழவழப்பைக் கண்டால் தேய்த்தே பழகிய கை. முதல் வாரமே கம்பிகளைப் பிரஷ் போட்டுத் துப்புரவாக்கிவிட்டார். வாசலில் அந்த மின்சாரத்தில் எரிந்த சின்ன விளக்கு அணைந்தது. படலம் மறுபடி வளர ஒன்றரை மாதம் பிடித்தது. அன்றிலிருந்து நிலையத்தில் அவருக்குப் 'பளபளா' என்று பெயர்.

அதனால்தான் விளக்கு மறுபடி மங்கியதும் எல்லார் கண்ணும் அவர்மேல் விழுந்தது. இந்தத் தடவை தேய்க்கவில்லை என்று அவர் சொன்னதை மேலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் தெரியாவிட்டால் மாதக் கடைசியோடு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா படலத்தில் துளி சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு தொட்டிக்காரரையும் பார்க்கச் சொன்னார். அடைத்துக்கொண்ட சாக்கடையில் முடி சுற்றிக் கிடப்பது போல, படலத்துக்குள் மெல்லிய இழைகள். எல்லாம் பிளாஸ்டிக். இவை நடுவில் புகுந்தால் கிருமிகளால் துணியோடு ஒட்ட முடியாது, மின்சாரம் இறங்கிவிடும் என்றார்.

"இது உங்க கைவேலை இல்ல. எங்கிருந்து வருதுன்னுதான் தெரியல."

இழைகள் ஆரஞ்சு நிறம். தொட்டிக்காரருக்கு அந்த நிறம் தெரிந்ததுதான். மச்சினன் கடை இருக்கும் தெருவின் தண்ணீர்தான் இந்தத் தொட்டிக்கு வருகிறது. புது இயந்திரம் வந்ததிலிருந்து விடுதிப் போர்வைகளை அவன்தான் துவைக்கிறான். ஆரஞ்சு நிறப் பாலியஸ்டர் போர்வைகள். சொன்னால் கடைக்குப் பூட்டு, மனைவி முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் வேலை போச்சு. நாளைக்குச் சொல்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் மழுப்பிவிட்டு நேரே கடைக்குப் போனார்.

மச்சினன் அவரைக் கண்டதும் அடுத்த வாரத்தை ஆரம்பித்தான். அவர் இயந்திரத்தின் பின்னால் போய், சாக்கடை வாயில் படிந்திருந்த ஆரஞ்சுப் பஞ்சை எடுத்து நீட்டி விஷயத்தைச் சொன்னார்.

"கிருமிக்கு மூச்சு முட்டுதுன்னு என் பொழப்ப மூடச் சொல்றீங்களா?"

"மூட வேணாம் மாப்ள. வடிகட்டி மாட்டு."

இரண்டு இயந்திரத்துக்கும் போனில் விலை கேட்டார்கள். ஏறக்குறைய அந்தக் கடன் அளவுக்கே வந்தது. மச்சினன் கையை விரித்தான்.

"எங்கிட்ட ஏது மாமா? உங்களுக்குக் குடுக்கத்தான் சேத்து வச்சிருக்கேன்."

வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எவ்வளவு?"

"...முழுசும்."

"அதுல வாங்கு," என்றார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அந்தம்மா மேலாளரிடம் பேச, வேலை தப்பியது. வடிகட்டி மாட்டிய பிறகும் படலம் உடனே தேறவில்லை. விளக்கு மெதுவாகத்தான் வெளிச்சம் கூட்டியது.

ஒருநாள் மச்சினன் வடிகட்டியில் சேர்ந்த பஞ்சைப் பையில் கட்டிக் கொண்டுவந்தான்.

"கணக்கு நேராயிடுச்சா மாமா?"

ஆரஞ்சுப் பஞ்சு, ஒரு தலையணைக்குத் தேறும். அவர் பையை வாங்கிக்கொண்டார்.

"ஆயிடுச்சு."